ஆள் ஏறினால் திணறும் படகுக்கு எந்த ப்ரொப்பல்லர்?

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். சேலத்தில் உங்கள் தன்னார்வக் குழு வெள்ள மீட்புக்காக 14 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறது. பின்னால் 25 ஹெச்.பி. நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்), கைப்பிடியில் ஓட்டும் ரகம். ப்ரொப்பல்லரில், அதாவது தண்ணீரைத் தள்ளும் காத்தாடியில், 9 7/8 × 12 என்று பொறித்திருக்கிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி பக்கம் விட்டுப் பார்த்தீர்கள். இரண்டு பேர் ஏறினால் 38 கிலோமீட்டர் வேகம், எஞ்சின் நிமிடத்துக்கு 5,300 சுற்று (ஆர்.பி.எம்.). ஐந்து பேர் ஏறினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறது. 24 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை, 4,700-இலேயே நிற்கிறது. கடைக்காரர் "இன்னும் பெரிய பிட்ச் போடுங்க, ஸ்பீடு தானா வரும்" என்கிறார். மே மாதம் கோடை விழா சமயத்தில் இதே படகை ஏற்காடு ஏரிக்குக் காவலுக்குக் கொண்டு போகும் யோசனையும் இருக்கிறது. எந்த ப்ரொப்பல்லர் வாங்கலாம் என்கிறீர்கள்.

எண்களை அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் "இழுக்க மாட்டேங்குது" என்று மட்டும் எழுதுவார்கள். உங்கள் எண்களைப் பார்த்தால், எந்தக் காத்தாடி நல்லது என்பது இரண்டாவது கேள்வி. இந்தப் படகு எந்தப் பாரத்தோடு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. மீட்புப் படகு போகும்போது இரண்டு பேரோடு போகும், திரும்பும்போது ஐந்தாறு பேரோடு வரும். அது திணறக் கூடாத நேரம் திரும்பும் நேரம். எனவே ப்ரொப்பல்லரை ஐந்து பேர் பாரத்துக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடலோரத்தில் அவுட்போர்டு வேலை கற்றுக்கொண்டு, இப்போது சேலம் சுற்றுவட்டாரத்துப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொறித்திருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச்: ப்ரொப்பல்லர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது, தண்ணீர் கொஞ்சமும் நழுவாமல் இருந்தால், எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. விட்டத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். உங்கள் கியர் பெட்டிக்கு ஏற்றபடி தயாரிப்பாளர்களே அதை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறார்கள். நம் கையில் இருப்பது பிட்ச். சங்ககிரி லாரிக்காரர் ஒருவரிடம், முழு லோடோடு தொப்பூர் கணவாயை டாப் கியரிலேயே ஏறச் சொன்னால் என்ன நடக்குமோ, அதுதான் 12 பிட்ச்சோடு ஐந்து பேரை ஏற்றும்போது உங்கள் எஞ்சினுக்கு நடக்கிறது. கடைக்காரர் சொல்கிறபடி 13 போட்டால் இன்னும் மோசமாகும். வேகம் கூடாது, குறையும்.

இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒரு விதி உண்டு. எஞ்சின் கையேட்டில் முழு த்ராட்டிலில் ஓட வேண்டிய ஆர்.பி.எம். அளவு போட்டிருக்கும். 25 ஹெச்.பி. நாலு ஸ்ட்ரோக்குகளில் பெரும்பாலும் 5,000 முதல் 6,000 வரை. உங்கள் மாடலுக்கு என்ன என்பதைக் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாரத்தோடு கைப்பிடியை முழுக்கத் திருகினால் எஞ்சின் அந்த எல்லைக்குள், முடிந்தால் அதன் மேல் பாதிக்குள், வந்து நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம். எஞ்சின் தன் முழுச் சக்தியையே தரவில்லை. முழு த்ராட்டிலில் குறைந்த சுற்றில் அமுங்கி ஓடும் எஞ்சின் சூடேறும், கரி பிடிக்கும், எஞ்சினுக்குள் தட்டும் நாக்கிங் வந்து நாளாவட்டத்தில் பிஸ்டனைத் தின்றுவிடும். எல்லைக்கு மேலே போனால் பிட்ச் போதாது. அளவுக்கு மீறிச் சுற்றுவதும் கேடுதான். வேகத்தை வைத்து ப்ரொப்பல்லர் தேர்ந்தெடுக்கவே கூடாது, ஆர்.பி.எம்.மை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் முழு த்ராட்டில் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை கூடும். இது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. படகுக்குப் படகு கொஞ்சம் மாறும். அதன்படி 9 7/8 × 10 போட்டால் ஐந்து பேரோடு 5,000-க்கும் 5,100-க்கும் இடையில் வரும், இரண்டு பேரோடு 5,600, 5,700. 9 7/8 × 9 போட்டால் ஐந்து பேரோடு 5,150 முதல் 5,300, இரண்டு பேரோடு 5,750 முதல் 5,900. எல்லை 6,000 என்றால் இரண்டுமே உள்ளேதான் இருக்கின்றன. 10 விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆறாவது ஆள் ஏறினால் மறுபடியும் கீழே போய்விடும். என் தேர்வு 9.

இரண்டு பேரோடு போகும்போது வேகம் குறையுமே என்று கேட்பீர்கள். குறையும், மறைக்கவில்லை. ஆனால் ஐந்து பேரோடு கூடுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. இந்த வகை எஞ்சின்களில் கியர் விகிதம் ஏறக்குறைய 2.08, அதாவது எஞ்சின் 2.08 முறை சுற்றினால் ப்ரொப்பல்லர் ஒரு முறை சுற்றும். 4,700-ஐ 2.08-ஆல் வகுத்து 12 அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு 41 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் நீங்கள் போனது 24. நூற்றுக்கு 40-க்கு மேல் நழுவல். இரண்டு பேரோடு இதே கணக்கு 46 முதல் 47 கிலோமீட்டர் காட்டுகிறது, போனது 38; நழுவல் 18. இப்படிப்பட்ட சின்னப் படகுக்கு 10 முதல் 20 வரை நழுவல் இயல்பு. 40 என்றால் படகு தண்ணீருக்கு மேலே எழவே இல்லை, அதாவது பிளேன் ஆகவில்லை என்று அர்த்தம். 9 பிட்ச்சோடு எஞ்சின் 5,200-க்கு ஏறி, படகும் எழுந்துவிட்டால், 27, 28 கிலோமீட்டர் கிடைக்கலாம். அந்தச் சில கிலோமீட்டரை விடப் பெரிய லாபம், மூக்கு கீழே இறங்கி ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் தெரியும் என்பது.

"எழுந்துவிட்டால்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து பேர் 350 கிலோ, படகு 200, எஞ்சின் 60, பெட்ரோலும் சாமான்களும் 40 என்று வைத்தால் 650 கிலோ. ஒரு ஹெச்.பி.க்கு 26 கிலோ. சுமார் 20 கிலோ வரை படகு சுலபமாக எழும். 25-ஐத் தாண்டினால் இழுபறிதான். நீங்கள் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். ப்ரொப்பல்லர், இருக்கிற சக்தியை ஒழுங்காகத் தண்ணீருக்குக் கொடுக்கும். இல்லாத சக்தியை உண்டாக்காது. அதனால் படகின் எடை இங்கே ரொம்ப முக்கியம். பழைய ஃபைபர் படகில் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் ஃபோம் வருடக்கணக்கில் தண்ணீர் குடித்து ஊறியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. 200 கிலோ படகு 280 ஆகியிருந்தால், ஆறாவது ஆள் எப்போதுமே உங்களோடு வருகிறார் என்று பொருள். நம் பக்கம் லாரி எடை மேடைக்குப் பஞ்சமில்லை. ட்ரெய்லரைப் படகோடு ஒருமுறையும் படகில்லாமல் ஒருமுறையும் நிறுத்தி எடை போடுங்கள். 10, 20 கிலோ முன்னே பின்னே காட்டினாலும் நமக்குப் போதும். படகை நேரில் பார்க்காமல் இந்த ஒரு விஷயத்தில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. 10-ஆ 9-ஆ என்ற முடிவையே இது மாற்றக்கூடும்.

கடைக்குப் போவதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. சுற்றை அளக்கும் டேக்கோமீட்டர் எது என்று நீங்கள் எழுதவில்லை. பிளக் ஒயரில் சுற்றும் சின்ன டிஜிட்டல் மீட்டர் என்றால், ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி என்ற செட்டிங் உங்கள் எஞ்சினுக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது தவறினால் அளவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ காட்டும். 4,700 நம்பும்படியான எண்தான், இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. அடுத்து எஞ்சின் உயரம். ப்ரொப்பல்லருக்கு மேலே தட்டையாக இருக்கும் கேவிடேஷன் பிளேட், படகின் அடிப்பாகத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் காத்தாடி காற்றை உறிஞ்சும். வளைவில் சட்டென்று சுற்று எகிறி இழுவை போய்விடும். ரொம்பக் கீழே இருந்தால் அதுவே பிரேக். அப்புறம் எஞ்சினின் சாய்வை நிறுத்திவைக்கும் சாய்வுப் பின். எஞ்சின் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் மூக்கு இன்னும் தூக்கும்; பாரத்தோடு போகும்போது பின்னை ஓர் ஓட்டை உள்ளே மாற்றுங்கள். ஏறியவர்களில் இருவரை முன்பக்கம் உட்கார வைத்துப் பாருங்கள். ஐந்து பேரும் பின்னால் ஓட்டுபவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் எந்த ப்ரொப்பல்லரும் அந்தப் படகை எழுப்பாது. அளக்கும்போது காலையில், காற்று இல்லாத நேரத்தில், போகும்போதும் வரும்போதும் போனில் வேகத்தைக் குறித்து இரண்டின் சராசரியை எடுங்கள்.

இருக்கிற ப்ரொப்பல்லரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எமர்ஜென்சி கயிற்றின் (இழுபட்டால் எஞ்சினை அணைக்கும் கயிறு) கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக் ஒயர்களையும் பிடுங்கிவிடுங்கள். நியூட்ரலில்தானே இருக்கிறது என்ற தைரியத்தில் கை வைக்கவே கூடாது. இறக்கைக்கும் கேவிடேஷன் பிளேட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைக் கொடுத்தால் நட்டைத் தளர்த்தும்போது சுற்றாது. இறக்கை விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மடிப்பும் வெட்டும் நகத்தில் தட்டும். ஓர் இறக்கை நுனி சற்று வளைந்திருந்தாலே அதிர்வு வரும், இழுவை போகும். ப்ரொப்பல்லரின் நடுவில், உலோகக் குழாய்க்கும் வெளி உடலுக்கும் இடையே ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பாறையில் மோதினால் கியர் உடையாமல் காப்பது அதுதான். பழைய ப்ரொப்பல்லரில் இந்த ரப்பர் பிடி விட்டு, எஞ்சின் வேகமாகச் சுற்ற, காத்தாடி மட்டும் பின்தங்கும். கண்டுபிடிக்க எளிய வழி: உள் குழாயிலிருந்து வெளி உடல் வரை பெயிண்டால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். ஐந்து பேரோடு முழு த்ராட்டிலில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டும் விலகி நின்றால் ரப்பர் போய்விட்டது. உங்கள் படகில் சுற்று எகிறாமல் அமுங்குகிறது என்பதால் இது காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் கழற்றிய கையோடு பார்த்துவிடலாம்.

மேட்டூரில் படகு விடுபவர்கள் இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே எங்கு பார்த்தாலும் மீன் வலை. அறுந்த நைலான் நரம்பு ப்ரொப்பல்லருக்குப் பின்னால் போய், ஷாஃப்டைச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி ஆயில் சீலை அறுத்துவிடும். கழற்றியவுடன் வாஷருக்குப் பின்னால் பச்சையாகவோ வெள்ளையாகவோ வளையம் போல நரம்பு இருக்கிறதா பாருங்கள். கியர் ஆயிலை இரண்டு சொட்டு வெளியே விட்டுப் பாருங்கள். மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அப்படியானால் ப்ரொப்பல்லர் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் சீலை மாற்றுங்கள்.

எந்த உலோகம் என்று கேட்டால், அலுமினியம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இறக்கை மெல்லியது, விறைப்பானது. பெரிய எஞ்சினில் அதனால் வேகம் கூடும் என்பது உண்மை. 25 ஹெச்.பி.யில் அந்த வித்தியாசம் சொற்பம், விலையோ பல மடங்கு. அதோடு நீங்கள் ஓட்டும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டபோது ஊர்களே தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். அவை வெளியே தெரிவதற்குச் சற்று முன்னால், தண்ணீருக்கு ஓரடி கீழே மறைந்திருக்கும் நாட்கள்தான் படகுக்கு ஆபத்தான நாட்கள். சுவர்களும் பாறைகளும் அப்படித்தான். அலுமினிய இறக்கை மோதினால் வளையும், உடையும். செலவு அதோடு முடிந்துவிடும். ஸ்டீல் போட்டால் மோதலின் அதிர்ச்சி கியருக்குப் போகும் என்று பலரும் சொல்வார்கள். ரப்பர் புஷ் காப்பாற்றிவிடும் என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. நாலு இறக்கை ப்ரொப்பல்லர் பாரத்தோடு சீக்கிரம் எழும், குறைந்த வேகத்திலும் படகை மேலே பிடித்து வைக்கும். ஆனால் சுற்றை 50 முதல் 100 வரை குறைக்கும் என்பதால் பிட்ச்சில் இன்னும் ஓர் அங்குலம் இறங்க வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு நல்லதாகக் கிடைத்தால் யோசிக்கலாம். அதற்காக அலைய வேண்டாம். எதை வாங்கினாலும் உள் குழாயின் பல் எண்ணிக்கை உங்கள் ஷாஃப்டோடு பொருந்துகிறதா என்று பழைய ப்ரொப்பல்லரைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

இனி ஏற்காடு. மேட்டூர் நீர்த்தேக்கம் முழுக்க நிரம்பும்போது கடல் மட்டத்திலிருந்து 790 அடி. ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. மேலே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் குறையும். 1,000 அடிக்கு நூற்றுக்கு 3 வீதம் சக்தி குறையும் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி உங்கள் எஞ்சின் மேட்டூரில் தந்ததைவிட ஏற்காட்டில் 12 சதவீதம் போலக் குறைவாகத் தரும். 25 ஹெச்.பி. எஞ்சின் 22 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாத மேட்டூர் வெயிலிலும் காற்று மெலிந்துதான் இருக்கும் என்பதால், மலையின் குளிர்ச்சி இந்த இழப்பில் ஒரு பங்கை ஈடுகட்டும். மொத்தத்தில் அதே பாரம், அதே ப்ரொப்பல்லரோடு முழு த்ராட்டிலில் 200 முதல் 300 ஆர்.பி.எம். வரை விழும் என்று எதிர்பாருங்கள். இப்போதிருக்கும் 12-ஐயே மேலே கொண்டுபோனால் ஐந்து பேரோடு 4,500-ஐத் தாண்டாது. 9 போட்டிருந்தால் 5,000-ஐ ஒட்டி நிற்கும். கச்சிதமாக இருக்க வேண்டும் என்றால் அங்கே 8 பிட்ச். ஆனால் ஏற்காடு ஏரி சின்னது, முழு வேகத்தில் ஓட அங்கே இடமும் இல்லை, சுற்றிலும் மிதி படகுகளும் துடுப்புப் படகுகளும். ஒரு விழாவுக்காக மட்டும் 8 வாங்குவது வீண் என்பது என் எண்ணம். 9-ஓடு ஆளைக் குறைத்து ஏற்றிக்கொண்டு ஓட்டலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். உங்கள் எஞ்சின் கார்ப்பரேட்டர் வகை என்றால், மலை மேலே காற்று குறைந்து பெட்ரோல் அதே அளவு வருவதால் கலவை கெட்டியாகும். கறுப்புப் புகை, பிளக்கில் கரி, மந்தமான இழுவை. யாராவது சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்டுச் சரிசெய்து தருவார்கள், படகும் நன்றாக ஓடும். அந்த ஜெட்டோடு அப்படியே மேட்டூருக்கு இறக்கி முழு த்ராட்டில் கொடுத்தால் கலவை மெலிந்து பிஸ்டன் கருகிவிடும். இரண்டு நாள் வேலைக்கு ஜெட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் அதுவே சரிசெய்துகொள்ளும். சக்தி குறைவது மட்டும் மிச்சம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. எஞ்சினைத் தூக்கிய நிலையில் அதன் கொக்கியை மட்டும் நம்பாமல், பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குலுக்கலும் படகின் பின்பலகையில்தான் இறங்கும். ஏரியில் படகு இறக்க முன்கூட்டியே அனுமதி வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மீட்புப் படகு என்பதால் சொல்லாமல் விட மனமில்லை. தண்ணீரில் ஆள் இருக்கும்போது அருகில் போய் நியூட்ரலில் வைப்பது போதாது, எஞ்சினையே அணைத்துவிட வேண்டும். அலையில் கை பட்டுக் கியர் விழுந்தால் முடிந்தது. ப்ரொப்பல்லரைச் சுற்றிக் கம்பிக் கூடு போட்டால் ஆபத்து குறையும் என்பார்கள். மெதுவாகப் போகும்போது பயன் உண்டு. வேகமெடுக்கும்போது அது தண்ணீரைப் பிடித்து இழுக்கும், ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் உங்கள் படகு எழாது. எனவே உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓட்டுபவர் எமர்ஜென்சி கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று குழுவில் கண்டிப்பாக வைத்துவிடுங்கள்.

சரி, வரிசை இதுதான். முதலில் எடை, கேவிடேஷன் பிளேட் உயரம், சாய்வுப் பின், ஆட்கள் உட்காரும் இடம். இவற்றைச் சரிசெய்துவிட்டு 12-ஓடேயே இன்னொருமுறை ஐந்து பேரோடு அளந்து பாருங்கள். 4,900-ஐத் தாண்டிவிட்டால் 10 வாங்குங்கள். 4,700, 4,800-இலேயே நின்றால் 9. கடைக்காரர் மாற்றித் தரச் சம்மதித்தால் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. மாட்டும்போது ஷாஃப்ட் பல்லில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் தடவி, பின்பக்கத்து வாஷரை எடுத்த அதே வாக்கில் போட்டு, ஸ்பிளிட் பின் மட்டும் புதிதாகப் போடுங்கள். பழைய 12-ஐ விற்றுவிடாதீர்கள். அதையும், நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர், மரக்கட்டை, இரண்டு ஸ்பிளிட் பின் ஆகியவற்றையும் ஒரு பையில் போட்டுப் படகிலேயே வைத்திருங்கள். நடு நீர்த்தேக்கத்தில் இறக்கை உடைந்தால் கரை சேர அது போதும். புது எண்கள் கிடைத்ததும் எடையோடு சேர்த்து இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.